தகராறுக்கும் ஓர் ஏடு வேண்டும்

நம் நாட்டில் ரப்பர் மரத்தை ஆராய்ந்தவர்கள் பலர். 1925-ஆம் ஆண்டில் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைந்தது. அங்கே உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ரகம் பல நாடுகளுக்குப் பரவியது. ஜாவாவிலிருந்து வந்த சிர் 1 என்ற ரகத்தையும், பிராங் பெசார் தோட்டத்தில் தேர்ந்தெடுத்த பி.பி. 86 என்ற ரகத்தையும் சேர்த்து உண்டாக்கிய பிள்ளை அது. அந்தத் தாய் மரங்களை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? மரம் மரமாகப் பாலை அளந்தார்கள். எந்த மரம், எந்த நாள், எவ்வளவு பால் என்று ஏட்டில் குறித்தார்கள். ஆராய்ச்சிக்காரர் சொன்னதைத் தோட்டக்காரர் செய்து பார்த்தார். தோட்டக்காரர் கண்டதை ஆராய்ச்சிக்காரர் திரும்ப எழுதிக்கொண்டார். இந்தக் கொடுக்கல் வாங்கலால்தான் ஒரு மரம் தரும் பால் பெருகிற்று.

பிராங் பெசார் தோட்டம் இன்று இல்லை. அந்த நிலத்தில் புத்ராஜெயா நகரம் எழுந்து நிற்கிறது. அங்கே நின்ற மரத்தின் பெயர் இன்னும் ஆராய்ச்சி நூல்களில் வாழ்கிறது. அந்த மரத்தில் பால் வெட்டிய மனிதருக்கும் நிர்வாகத்துக்கும் என்னென்ன தகராறு வந்தது, எது எப்படித் தீர்ந்தது, எது தீராமல் புகைந்தது என்று யாராவது கேட்டால் எந்த ஏட்டைப் புரட்டிக் காட்டுவது?

இதைப் பற்றித்தான் இன்று நம் பால்வெட்டுத் தோழர்களுடனும் கிராணிமாருடனும் பேச விரும்புகிறோம். மரத்துக்கு ஆராய்ச்சியும் அனுபவமும் கைகோத்து நடந்தன. மனிதருக்குள் எழும் தகராறுக்கோ, ஆராய்ச்சி பல்கலைக்கழகத்தில் இருக்கிறது; அனுபவம் பிரட்டுக் களத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே பாதை இல்லை. ஒவ்வொரு தகராறையும் உலகத்தின் முதல் தகராறு போலவே நாம் தொடங்குகிறோம். சென்ற ஆண்டு பக்கத்துத் தோட்டத்தில் இதே விஷயம் எப்படி முடிந்தது என்று கேட்டால், "அப்போது இருந்த மண்டோருக்குத்தான் தெரியும், அவர் ஓய்வு பெற்றுப் பட்டணம் போய்விட்டார்" என்கிறோம்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். தொழிலாளியும் நிர்வாகமும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசுவது பேச்சுவார்த்தை. இருதரப்புக்கும் பொதுவான ஒருவர் நடுவில் அமர்ந்து, தாம் தீர்ப்புச் சொல்லாமல், இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வரத் துணை செய்வது சமரசம். நடுவில் இருப்பவர் கேட்டுவிட்டுத் தாமே முடிவு சொல்வது தீர்ப்பு. நமது 1967-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தில் இந்த மூன்றுக்கும் இடம் உண்டு. பேசித் தீராத தகராறு தொழில் உறவு இலாகாவின் சமரச அதிகாரியிடம் போகிறது. அங்கும் தீராதது தொழில் நீதிமன்றத்துக்குப் போகிறது. நடுவிலுள்ள அந்தச் சமரசப் படியைத்தான் நாம் மிகக் குறைவாக மதிக்கிறோம். அது ஒரு சடங்கு என்றும், நீதிமன்றத்துக்குப் போகும் வழியிலுள்ள பஸ் நிறுத்தம் என்றும் எண்ணுகிறோம். அந்த எண்ணம் நமக்கு நஷ்டம்.

சமரசம் இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பதைக் கெடா மாநிலத்தார் மறக்கக் கூடாது. 1947-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பீடோங் வட்டாரம் கொதித்தது. ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தது. கூலி உயர்வும் மரியாதையும் கேட்டுத் தோட்டம் தோட்டமாக வேலைநிறுத்தம் பரவியது. போலீசாருடன் மோதல் மூண்டது. டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கி வெடித்தது. தொழிலாளர் உயிர் போயிற்று. புக்கிட் செம்பிலான் தோட்டத்தில் ஆண்களும் பெண்களும் கைதாயினர்.

அந்தக் காலத்தை ஆராய்ந்தவர்கள் இல்லையா? இருந்தார்கள். 1948-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் தொழிற்சங்க இயக்கத்தைச் சேர்ந்த ஆபரி, டாலி என்ற இருவர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து, தொழிலாளர் நிலையையும் தொழிற்சங்கங்களையும் ஆராய்ந்து அறிக்கை தந்தார்கள். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் அவசரகாலம் பிறந்துவிட்டது. மைக்கேல் ஸ்டென்சன் என்ற வரலாற்று ஆசிரியர் மலாயாவின் தொழிற் பூசல்களைப் பற்றி விரிவாக எழுதிய நூல் 1970-இல் வெளிவந்தது. கெடாவில் குண்டு பாய்ந்து இருபத்துமூன்று ஆண்டுகள் கழிந்தபின் வந்த நூல் அது. அறிஞர்களைக் குறை சொல்வதற்காக இதைக் கூறவில்லை. உண்மையைத் தேடி எழுதியவர்களுக்கு நாம் நன்றியுடையோம். ஆனால் நெருப்பு அணைந்தபின் வரும் தண்ணீர் வண்டியாக ஆராய்ச்சி இருந்தால் லயத்துக்கு என்ன பயன்?

கெடாவுக்கு முன்பே, 1941-ஆம் ஆண்டில், கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் வைத்த கோரிக்கைகளைப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். கூலி அதில் ஒன்றுதான். வெள்ளைக்காரத் துரைக்கும் உத்தியோகஸ்தருக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை வேண்டும் என்று கேட்டார்கள். பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்த வேண்டும் என்றார்கள். பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம், நல்ல வைத்தியம், கள்ளுக்கடை மூடல், உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோக அனுமதி ஆகியவற்றைக் கேட்டார்கள். கொடுமை செய்யும் உத்தியோகஸ்தரை மாற்றவும் கேட்டார்கள். கிராணிமாராகிய நாம் அந்தக் கடைசிக் கோரிக்கையை இரண்டு முறை படிக்க வேண்டும். காசை மட்டும் எண்ணத் தெரிந்த ஒரு நடுவர் அன்று வந்திருந்தால், ஐந்து காசு கூட்டிக் கொடுத்துவிட்டுக் காரியம் முடிந்தது என்று போயிருப்பார். சைக்கிள் அவர் கண்ணில் பட்டிருக்காது.

சமரச ஆராய்ச்சி சொல்லும் முதல் பாடமும் இதுவே. ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைந்த அதே 1925-ஆம் ஆண்டில், மேரி பார்க்கர் ஃபாலெட் என்ற அமெரிக்க அம்மையார் தகராறுகளைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். தகராறு தீர மூன்று வழிகள் என்றார்: ஒருவர் மற்றவரை அடக்குவது, இருவரும் பாதிப் பாதி விட்டுக் கொடுப்பது, இருவருக்கும் உண்மையில் என்ன வேண்டும் என்று கண்டு இரண்டையும் நிறைவேற்றும் வழியைத் தேடுவது. வாசகசாலையில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியை அவர் உதாரணமாகக் காட்டினார். ஒருவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அம்மையாருக்கோ மூடியிருக்க வேண்டும். அடுத்த அறை ஜன்னலைத் திறந்தார்கள். ஒருவருக்குக் காற்று கிடைத்தது. மற்றவர் மேல் வாடை நேராக வீசவில்லை. ஜன்னலைப் பாதி திறந்து வைத்திருந்தால் இருவருக்குமே திருப்தி இருந்திராது.

இதை நம் பால் கொட்டகைக்குக் கொண்டு வருவோம். வெட்டியவர் பாலைக் கொண்டுவந்து ஊற்றுகிறார். கிராணி எடை போடுகிறார். மெட்ரோலாக்கை மிதக்கவிட்டுப் படிக்கிறார். கணக்கில் காய்ந்த ரப்பர் இவ்வளவு என்று எழுதுகிறார். "என் பாலைக் குறைத்துவிட்டீர்கள்" என்கிறார் வெட்டியவர். "கருவி காட்டியதைத்தான் எழுதினேன்" என்கிறார் கிராணி. குரல் ஏறுகிறது. மறுநாள் ஆபீஸ் வாசலில் பத்துப் பேர் நிற்கிறார்கள். அடக்குகிற வழி என்றால் வெட்டியவருக்கு எச்சரிக்கைக் கடிதம். பாதிப் பாதி வழி என்றால் அன்றைக்கு மட்டும் ஒரு கிலோ கூட்டிப் போடுவது. அடுத்த வாரம் அதே தகராறு திரும்ப வரும்.

மூன்றாம் வழி என்ன? வெட்டியவருக்கு வேண்டியது, தாம் சுமந்து வந்தது சரியாகக் கணக்கில் ஏறியது என்ற நம்பிக்கை. நிர்வாகத்துக்கு வேண்டியது, கொட்டகைக் கணக்கும் ஆலைக் கணக்கும் ஒத்து வருவது. மெட்ரோலாக் பாலின் அடர்த்தியைத்தான் காட்டுகிறது; பாலின் சூடு, தண்ணீர் கலந்த அளவு, மேலே நிற்கும் நுரை ஆகியவற்றால் அது மாறும்; மரத்தின் ரகமும் பருவமும் மாறினாலும் கணக்கு மாறும். இதை மர ஆராய்ச்சி நமக்கு முன்பே சொல்லியிருக்கிறது. ஆகவே வாரம் ஒருமுறை, தொழிலாளர் பிரதிநிதியின் கண் முன்னால், சில வாளிகளிலிருந்து மாதிரிப் பால் எடுத்து, உறையவைத்துக் காயவைத்து நிறுத்துப் பார்த்து, கருவியின் கணக்கோடு ஒப்பிட்டால் இருவர் தேவையும் நிறைவேறும். இதற்குப் பெரிய செலவு இல்லை. கிராணியின் நேர்மைக்கும் அது காவல்.

இரண்டாவது பாடம், விஷயத்தை விசாரித்து அறியாத சமரசம் வெறும் பேரம் என்பது. இதற்கு நம் எல்லோருக்கும் தெரிந்த மனிதரின் வாழ்விலேயே சான்று உண்டு. 1918-ஆம் ஆண்டில் ஆமதாபாத் நகரத்து நெசவாலைகளில் தகராறு மூண்டது. பிளேக் நோய்க் காலத்தில் தொழிலாளர் ஊரை விட்டு ஓடாதிருக்க முதலாளிகள் கொடுத்துவந்த போனஸை நிறுத்தினார்கள். விலைவாசியோ ஏறிக் கிடந்தது. தொழிலாளர்கள் கூலியில் 50 சதவீத உயர்வு கேட்டார்கள். முதலாளிகள் 20 சதவீதத்துக்கு மேல் இல்லை என்றார்கள். இரண்டுக்கும் நடுவே ஓர் எண்ணை வாய்க்கு வந்தபடி சொல்லியிருக்கலாம். காந்தியடிகள் அப்படிச் செய்யவில்லை. பம்பாயில் என்ன கூலி, ஆமதாபாத்தில் என்ன கூலி, குடும்பச் செலவு எவ்வளவு, ஆலைகளின் நிலை என்ன என்று அவரும் துணைவர்களும் கணக்கெடுத்தார்கள். 35 சதவீதமே நியாயம் என்ற முடிவுக்கு வந்தார்கள். 50 கேட்ட தொழிலாளரையும் 35-க்கு இணங்கச் செய்தார். அதன் பிறகு 35-லிருந்து இறங்க மறுத்தார்.

முதலாளிகளின் தலைவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய சகோதரி அனசூயா சாராபாய். ஒரே வீட்டில் பிறந்தவர்கள். அப்படியிருந்தும் தகராறு எளிதில் தீரவில்லை. மூன்று வாரத்துக்கு மேல் ஆலைகள் ஓடவில்லை; காந்தியடிகள் உண்ணாவிரதம் இருந்தார். முடிவில் முதல் நாள் 35, இரண்டாம் நாள் 20, மூன்றாம் நாள் முதல் இரண்டுக்கும் நடுவான 27½ சதவீதம் கொடுப்பது, பேராசிரியர் ஆனந்தசங்கர் துருவா விசாரித்துச் சொல்வதை இருதரப்பும் ஏற்பது என்று ஒப்பந்தமாயிற்று. துருவா விசாரித்தார். 35 சதவீதமே கொடுக்க வேண்டும் என்றார். தொடக்கத்தில் எடுத்த கணக்கு கடைசிவரை நின்றது. வெறும் பேரமாக இருந்திருந்தால் அந்த நடுவிலுள்ள 27½-இலேயே விஷயம் தங்கியிருக்கும். கணக்குக்கும் பேரத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒவ்வொரு தொழிலாளி வீட்டுச் சோற்றிலும் ஏழரை சதவீதம்.

மூன்றாவது பாடம் அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. 1970-களில் அங்கே சங்கத்தின் அனுமதியில்லாத திடீர் வேலைநிறுத்தங்கள் மலிந்தன. ஒரே சங்கம், ஒரே ஒப்பந்தம். ஆனால் சில சுரங்கங்களில் ஓயாத நிறுத்தம், சிலவற்றில் அமைதி. இது ஏன் என்று ஸ்டீபன் கோல்ட்பர்க், ஜீன் பிரெட் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் சுரங்கங்களுக்கே போய் விசாரித்தார்கள். அமைதியான சுரங்கங்களில், தங்கள் குறையை அங்கேயே நிர்வாகத்திடம் பேசித் தீர்க்க முடியும் என்ற நம்பிக்கை தொழிலாளருக்கு இருந்தது. கொதிக்கும் சுரங்கங்களில், வேலையை நிறுத்தினால்தான் நிர்வாகம் திரும்பிப் பார்க்கும் என்று கற்றுக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஆராய்ச்சியாளர்கள் அத்தோடு புத்தகம் எழுதிவிட்டுப் போய்விடவில்லை. 1980-ஆம் ஆண்டில் சங்கத்தோடும் கம்பெனிகளோடும் பேசி, நடுவர் தீர்ப்புக்குப் போகும் முன் ஒரு சமரசப் படியைச் சோதனையாக வைத்தார்கள். சமரசக்காரர் இருதரப்பையும் கேட்டு இணக்கம் தேடுவார். இணக்கம் வராவிட்டால், இது தீர்ப்புக்குப் போனால் எப்படி முடியும் என்று தம் அபிப்பிராயத்தை வாயால் சொல்வார். அது யாரையும் கட்டாது. அப்படி வந்த குறைகளில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது, தீர்ப்புக்குப் போகாமலே முடிந்தன. காலமும் செலவும் மிச்சமாயின. பின்னர் இவர்களும் வில்லியம் யூரி என்பவரும் சேர்ந்து 1988-இல் எழுதிய நூலில், எந்தத் தகராறிலும் மூன்று கேள்விகள் உண்டு என்றார்கள்: யாருக்கு என்ன தேவை, யார் பக்கம் உரிமை, யாருக்குப் பலம் அதிகம். பலத்தில் தொடங்கினால் செலவு மிகுதி. தேவையில் தொடங்கி, தீராதபோது உரிமைக்குப் போய், வேறு வழியில்லாதபோது பலத்துக்குப் போவதே மேல் என்பது அவர்கள் கண்ட முடிவு.

கவனியுங்கள்: பலம் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. நாமும் சொல்லமாட்டோம். சங்கம் இல்லாத தோட்டத்தில் சமரசம் என்பது, புலியும் ஆடும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுவது போன்றது. 1954-ஆம் ஆண்டில் பல சங்கங்கள் ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தபின்தான், பி. பி. நாராயணன் போன்றோர் முதலாளிமார் சங்கத்துக்கு எதிரே சரிசமமாக உட்கார முடிந்தது. ஒற்றுமை நம்மை மேசைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். மேசையில் உட்கார்ந்தபின் கையில் விவரம் வேண்டும். விவரம் இல்லாதவன் குரலை உயர்த்துகிறான். குரல் ஓய்ந்ததும் எழுந்து போகிறான்.

இந்தப் பாடங்கள் எல்லாம் நம் சட்டங்களிலும் விதிகளிலும் ஏற்கெனவே நுழைந்திருக்கின்றன. சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1951-இல் வெளியிட்ட சிபாரிசு, சமரசம் இலவசமாகவும் விரைவாகவும் நடக்க வேண்டும் என்றது. 1967-இல் வெளியிட்ட சிபாரிசு, தொழிலாளியின் குறையை முதலில் வேலைத்தலத்திலேயே விசாரிக்க முறை வேண்டும் என்றது. நம் நாட்டில் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் 1975-ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்ட தொழில் இணக்க நடத்தை விதிகளும், குறை பிறந்த இடத்துக்கு எவ்வளவு அருகில் தீருமோ அவ்வளவு அருகில் தீர வேண்டும் என்ற கருத்தையே சொல்கின்றன. காகிதத்தில் பாதை இருக்கிறது. தோட்டத்தில்தான் அந்தப் பாதை புல் மூடிக் கிடக்கிறது.

ஒரு தொழிலாளிக்கு இதனால் என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். வேலைநீக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நியாயமான காரணமின்றி நீக்கப்பட்டதாகக் கருதும் தொழிலாளி, நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுக் கொடுக்க வேண்டும். அந்த நாள் கடந்தால் கதவு மூடிவிடும். முன்பெல்லாம் சமரசம் தோற்றால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போவதா இல்லையா என்பதை மந்திரி முடிவு செய்தார். 2020-ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு, 2021 ஜனவரி 1 முதல் இலாகாவின் தலைமை இயக்குநரே வழக்கை நேராக நீதிமன்றத்துக்கு அனுப்புகிறார். ஆகவே சமரச அறையில் உட்காரும்போது நிர்வாகத்துக்கும் தெரியும், இங்கே தீராவிட்டால் நீதிமன்றப் படி ஏற வேண்டும் என்று. முன்னைவிட அந்த அறைக்கு இப்போது மதிப்பு அதிகம். அங்கே நம் ஆள் வெறும் கையோடு போகலாமா? எந்தத் தேதியில் எச்சரிக்கை வந்தது, யார் முன்னிலையில் விசாரித்தார்கள், இதே குற்றத்துக்கு இதே தோட்டத்தில் வேறொருவருக்கு என்ன தண்டனை கொடுத்தார்கள் என்று சொல்ல முடியாமல் தலை சொறிந்தால், சமரச அதிகாரி என்ன செய்வார்? அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவர் முன் வைக்கப்பட்டதுதானே?

இங்கே ஆராய்ச்சிக்கு நாம் கற்றுக்கொடுக்க வேண்டிய பாடமும் ஒன்று உண்டு. பட்டணத்துத் தொழிற்சாலையில் வேலை போனால் சம்பளம் போகும். தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும். லயத்தை விட்டுப் போகச் சொன்னால் பிள்ளையின் பள்ளிக்கூடம், கிழவியின் மருந்து, கோயில், பக்கத்து வீட்டு உறவு எல்லாம் சேர்ந்தே போகும். இத்தனை மாதச் சம்பளம் நஷ்டஈடு என்று கணக்குப் போடும் புத்தகத்தில் இந்த வீட்டுக்கு வரி இல்லை. தொழிலாளி தொகையை மறுத்து வேலையையே திரும்பக் கேட்கும்போது, பிடிவாதக்காரன் என்று எழுதிக்கொள்ளாமல், அவன் எதைக் காப்பாற்றப் பார்க்கிறான் என்று கேட்கத் தெரிந்த சமரசக்காரர் வேண்டும். அதை அவருக்குச் சொல்லக்கூடியவர் தோட்டத்தில் இருப்பவர்தான்.

ஆகவே நாம் சொல்லும் யோசனை சிறியது. ஒவ்வொரு தோட்டத்திலும், ஒவ்வொரு டிவிஷனிலும், சங்கக் கமிட்டியின் கையில் ஒரு தகராறு ஏடு இருக்கட்டும். நிர்வாகத்தின் ஏடாக அது இருக்கக் கூடாது. அதை எழுத வேண்டியவர் கமிட்டியில் இருக்கும் கிராணி அல்லது நன்றாக எழுதத் தெரிந்த பால்வெட்டுத் தோழர். செக்ரோல் எழுதும் கைக்கு இது பெரிய வேலையல்ல. ஒவ்வொரு தகராறுக்கும் ஒரு பக்கம் போதும்: எந்த நாள் எழுந்தது, எதைப் பற்றி, தொழிலாளி கேட்டது என்ன, அவருக்கு உண்மையில் வேண்டியிருந்தது என்ன, நிர்வாகம் சொன்ன காரணம் என்ன, யார் நடுவில் பேசினார், எத்தனை நாளில், எப்படி முடிந்தது, ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது அந்த முடிவு நிலைத்ததா.

கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கையெழுத்துப் போட்ட அன்று எல்லா ஒப்பந்தமும் நல்ல ஒப்பந்தம்தான். மாதங்கள் போனபின் அதே தகராறு வேறு பெயரில் வந்து நின்றால், அன்று தீர்ந்தது தகராறு அல்ல, கூட்டம்தான் கலைந்தது என்று அறியலாம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டாரக் கூட்டத்தில் இந்த ஏடுகளை வாசிக்கட்டும். சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய், பாலிங் வட்டாரத்துத் தோழர்கள் ஒன்றுகூடி வாசித்தால், தனித் தோட்டத்தில் தெரியாதது சேர்ந்து பார்க்கும்போது தெரியும். நம் கெடாவில் ஆண்டின் தொடக்க மாதங்களில் மரம் இலை உதிர்க்கிறது, பால் குறைகிறது, எடையைப் பொறுத்த வருமானமும் குறைகிறது. அந்த மாதங்களில்தான் எடைத் தகராறு கூடுகிறதா? மழை நாட்களில் எது கூடுகிறது? புதிய மானேஜர் வந்தவுடன் எது கூடுகிறது? ஏடு இருந்தால் பதில் கிடைக்கும். பதில் கிடைத்தால் தகராறு வருவதற்கு முன்பே நிர்வாகத்துடன் பேசலாம். வந்தபின் தீர்ப்பதைவிட அது மலிவு.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, ஏட்டில் ஆளின் பெயர் வேண்டாம், எண் போதும். குறை சொன்னவரைப் பழிவாங்க அது கருவியாகிவிடக் கூடாது. இரண்டு, சமரச அதிகாரியின் அறையில் பேசியதைத் தொழில் நீதிமன்றத்தில் சாட்சியமாக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. இருதரப்பும் ஒப்புக் கையெழுத்திட்ட எழுத்து மட்டுமே விலக்கு. மனம் திறந்து பேசட்டும் என்பதற்காக வைத்த வேலி அது. ஆகவே அந்த அறையில் யார் எவ்வளவுக்கு இறங்கினார் என்பதை ஏட்டில் எழுதிப் பரப்பாமல், முடிந்த முடிவை மட்டும் எழுத வேண்டும். வேலியை நாம் மதித்தால்தான் எதிர்த்தரப்பும் மதிக்கும்.

அறிஞர்களுக்கும் ஒரு வார்த்தை. கெடாவிலேயே, சிந்தோக்கில், 1984-ஆம் ஆண்டில் தொடங்கிய வடமலேசியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தொழில் உறவு படிப்பவர்களும் படிப்பிப்பவர்களும் நம் மாநிலத்திலேயே இருக்கும்போது, அவர்கள் அமெரிக்கச் சுரங்கத்தைப் படித்துவிட்டுப் பீடோங் தோட்டத்தைப் படிக்காமல் போவது நியாயமா? வரட்டும். பிரட்டு நேரத்தில் வந்து நிற்கட்டும். பால் கொட்டகையில் மெட்ரோலாக் படிப்பதைப் பார்க்கட்டும். நம் ஏடுகளைப் பெயர் நீக்கிக் கொடுப்போம். பதிலுக்கு நாம் கேட்பது, கண்டுபிடித்ததைத் தமிழிலும் மலாயிலும் இரண்டு பக்கத்தில் எழுதி, கேட்ட தோட்டத்துக்கே திரும்பக் கொண்டுவந்து வாசிக்க வேண்டும் என்பது. வாங்கிக்கொண்டு போய்த் திரும்பாத ஆராய்ச்சியை நாம் நிறையப் பார்த்துவிட்டோம். இன்று நம் பக்கத்து நிரையில் இந்தோனேசியரும் வங்காள தேசத்தவரும் வேலை செய்கிறார்கள். அவர்கள் மொழியிலும் அது போய்ச் சேர வேண்டும். அவர்கள் குறையும் ஏட்டில் ஏற வேண்டும். குறைக்குத் தேசம் கிடையாது.

"ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, தோட்டங்கள் துண்டுபட்டுவிட்டன, இனி எதற்கு ஏடு?" என்று சில தோழர்கள் கேட்கலாம். அதனாலேயே ஏடு அவசரம் என்போம். தோட்டம் கைமாறும்போது ஆபீஸ் அலமாரியிலுள்ள பழைய புத்தகங்களுக்கு என்ன கதி நேரும் என்பதைக் கிராணிமாருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நாற்பது ஆண்டுகளாக ஒரு தோட்டத்தார் போராடியும் பேசியும் கற்றுக்கொண்டது, பழைய காகிதக் கடைக்கு எடை போட்டுப் போய்விடும். ரப்பர் போனாலும் சம்பளமும் மேற்பார்வையும் வீடும் உள்ளவரை தகராறு போகாது. செம்பனைக் குலையை எண்ணுவதிலும் அதே தகராறுதான் வரப்போகிறது.

தோழர்களே! மரத்தின் ஒவ்வொரு வெட்டையும் அளந்து எழுதிய கை நம்முடையது. ஒரு நாள் வெட்டாவிட்டால் செக்ரோலில் கோடு போட்ட கையும் நம்முடையதே. அதே கை, இந்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் ஒரு புதிய ஏட்டை எடுத்து, முதல் பக்கத்தில் தேதி போட்டு, தோட்டத்தில் இன்று தீராமல் கிடக்கும் ஒரு குறையை எழுதட்டும். எழுதிய பிறகு அதை எடுத்துக்கொண்டு மானேஜரிடம் போகட்டும். அங்கே தீராவிட்டால் சங்கத்துக்கும், அங்கிருந்து இலாகாவுக்கும் அந்தப் பக்கத்தோடேயே போகட்டும். அடுத்த வட்டாரக் கூட்டத்தில் எத்தனை தோட்டங்கள் ஏட்டோடு வருகின்றன என்று எண்ணிப் பார்ப்போம்.